காருக்கு நாலு விரல் கரை

இந்த வருஷம் பனி உருகின கையோடு நான் ஒரு சரித்திர முடிவு எடுத்தேன். இனிமேல் எதற்கும் மனைவியிடம் அனுமதி கேட்பதில்லை. அனுமதியை அவளே எடுத்துவந்து என் கையில் திணிக்கும்படி செய்வது.

முடிவு எடுத்ததும் முதுகு நிமிர்ந்தது. அந்த உற்சாகத்தில் குப்பை வாளியைக்கூட அவள் சொல்வதற்கு முன்பே வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

என் பெயர் குணரத்தினம். மொன்றியலுக்கு அக்கரையில், லொங்குய்யில் இருக்கிறேன். ஒரு பங்களா, ஒரு மனைவி, ஒரு கராஜ், அதற்குள் ஒரு கார். பங்களா என்றதும் பெரிதாக ஒன்றையும் நினைத்துவிடாதீர்கள். இந்த நாட்டில் மாடி கட்ட வசதியில்லாத வீட்டுக்கு அதுதான் பெயர்.

வீடு சிவமலரின் ஆட்சியில் இருக்கிறது. சிவமலரும் சிவமலரின் ஆட்சியில்தான் இருக்கிறாள். மிச்சமிருந்த கராஜ் மட்டும் என் தனிநாடு. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காத ஒன்று எனக்கு மட்டும் கிடைத்திருந்தது, அதுவும் வீட்டுக்கு அடியில். தெருவிலிருந்து ஒரு சரிவு இறங்கும். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் செமெந்துக் கட்டு. மேலே பார்த்தால் வாசல் தாராளமாக இருக்கும். கீழே, சில்லு உருளும் மட்டத்தில், அந்தக் கட்டு இரண்டும் உள்ளே தள்ளி நிற்கும். என் கார் அதற்குள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழையும்.

கார் சிவப்பு. பழைய ஜப்பான் கார். என் வயதுக்காரர் கொலஸ்ட்ரோலைக் குறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்க, நான் அந்தக் காரின் உயரத்தைக் குறைத்தேன். புகைக்குழாயை மாற்றினேன். இப்போது அது இருமினால் அடுத்த தெருவில் நாய் குரைக்கும். கடைசியாக அகலமான ரயர் நாலு போட்டேன். அங்கேதான் பிரச்சினை. ரயர் மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை மூடுவதற்குச் சில்லுக்கு மேலே பூட்டுகிற வளைவு ஒன்று இருக்கிறது. ஃபிளேர் என்பார்கள். கோடையில் லவாலில் ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி மாற்றிக் கட்டிய கார்கள் கூடும். ஃபிளேர் இல்லாமல் அங்கே போவது வேட்டிக்கு மேலே சேட் போடாமல் ஒபிசுக்குப் போவது போல.

மலர் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்துக்கொண்டு போனேன்.

"மலர், உமக்கு ஒண்டு காட்டட்டோ?"

"மீன் கருகுது. கெதியாக் காட்டுங்கோ."

"இந்தப் படத்தைப் பாரும்."

"என்ன உது? ஆரின்ரையோ புருவம் மாதிரிக் கிடக்கு."

"ஃபிளேர். காருக்குப் பூட்டுறது. சில்லுக்கு மேலை."

"ஏன், இப்ப சில்லுக்கு மேலை ஒண்டும் இல்லையோ?"

"மட்காட் இருக்கு. ரயர் அதுக்கு வெளியாலை நிக்குதெல்லே. போன கிழமை கோயிலடியிலை உம்மடை சாறியிலை சேறு அடிச்சது ஏன்?"

"நீங்கள் குழியைப் பாக்காமல் ஓடினதாலை."

"இல்லை. ஃபிளேர் இல்லாததாலை."

மலர் மீனைத் திருப்பினாள். பிறகு என்னைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இதெல்லாம் என்ரை சாறிக்காகத்தான்?"

"பின்னை?"

"கராஜிலை ஒரு அடுப்பு வைப்பம் எண்டு நான் கேட்டனே. அப்ப மட்டும் என்ரை ஜக்கெற்றைப் பற்றி யோசிக்கேல்லை."

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். மொன்றியலில் குளிர்காலம் முழுக்க ஜன்னல் திறக்க முடியாது. வீட்டில் ஒரு துண்டு மீன் பொரித்தால் அது கதவடியில் தொங்கும் ஜக்கெற் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். மலர் வேலை செய்வது ஒரு கார்தெரியில். சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடம். அங்கே ஒரு தாய் இவளுக்குப் பக்கத்தில் வந்து, மூக்கைச் சுருக்கி, அந்த உறைபனியிலும் ஜன்னலைத் திறந்துவிட்டாளாம். மலர் அன்றைக்கு வந்து ஜக்கெற்றைத் தோய்த்தாள். அடுத்த நாளும் தோய்த்தாள். எங்கள் சனம் பாதிப் பேர் செய்வது போல, பொரிக்கிறதுக்குத் தனியாக ஒரு அடுப்பைக் கராஜில் வைப்போம் என்றாள். பக்கத்து வீட்டு அல்போன்சம்மா தன்னுடைய பழைய கறன்ற் அடுப்பைச் சும்மா தருகிறேன் என்றிருந்தாள்.

நான் மறுத்தேன். சும்மா மறுக்கவில்லை, சொற்பொழிவு ஆற்றி மறுத்தேன். கராஜ் என்பது காருக்கு. கார் உள்ளே நிற்கும்வரை ஒரு கரண்டிகூட உள்ளே வராது என்று முழங்கினேன். மலர் ஒன்றும் பேசவில்லை. மலர் ஒன்றும் பேசாவிட்டால் நான் வென்றுவிட்டேன் என்று நினைப்பது என் வழக்கம்.

"உதைப் பேந்து கதைப்பம்" என்றேன், "இப்ப ஃபிளேர்."

"சரி, பாப்பம். ஆனா கடையிலை நேரை பாத்துத்தான். போனிலை பாத்துச் சாறி எடுக்கேலாது."

எனக்கு உள்ளே மத்தாப்புக் கொளுத்தியது போல இருந்தது. ஏனென்றால் சாறிக்கடை என்பது நான் ஆராய்ச்சி செய்த துறை. யாராவது சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் என்றால் ரொறொன்ரோ வரைக்கும் ஓடிச் சாறி எடுப்போம். எத்தனையோ தரம் கடை வாசலில் மற்றப் புருஷன்மாரோடு நின்று நான் கண்டுபிடித்த விதி இது: நான் எதை நல்லது என்கிறேனோ அது உடனே மடிபட்டு உள்ளே போகும். நான் எதைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறேனோ அது எங்களோடு மொன்றியலுக்கு வரும்.

ஃபிளேரில் இரண்டு வகை. ஒன்று மெல்லிசு. றப்பர் ஓரம் மாதிரி, ஒட்டிவிட்டால் போதும். மற்றது நாலு விரல் அகலம். மட்காட்டை வெட்டித்தான் பூட்ட வேண்டும். சுற்றிவரப் போல்ற் தலைகள் வெளியே தெரியும். மெல்லிசைப் பூட்டினால் கார் தலைக்கு எண்ணெய் வைத்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை போல இருக்கும். அகலத்தைப் பூட்டினால் தோளை விரித்துக்கொண்டு சந்தியில் நிற்கும். எனக்கு வேண்டியது அகலம். ஆகவே நான் புகழ வேண்டியது மெல்லிசை. திட்டம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை கராஜ் வாசலில் மலர் தும்புத்தடியோடு நின்றாள். தடியை இந்தச் செமெந்துக் கட்டிலிருந்து அந்தக் கட்டுக்கு நிலத்தில் படுக்கவைத்து, நகர்த்தி, மறுபடி படுக்கவைத்தாள்.

"என்ன செய்யிறீர்?"

"கூட்டுறன்."

"தடியாலையோ?"

"தும்பு தேஞ்சு போச்சு. புதுத் தும்பு போடோணும்."

நம்பினேன். ஒரு பெண் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு சொன்னால் எந்த ஆண்தான் நம்பமாட்டான்?

சனிக்கிழமை மூன்று பேராகப் புறப்பட்டோம். மூன்றாவது ஆள் அல்போன்சம்மா. ஜான்-டலோன் சந்தையில் அவளுக்கும் சாமான் வாங்க வேண்டுமாம். றொக்சனின் கார்த் திருத்துமிடம் சந்தைக்குப் பின்னால்தான். உயரம் குறைத்த காரின் பின் இருக்கையில் அல்போன்சம்மா முழங்கால் இரண்டையும் நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு செபமாலை சொல்லியபடி வந்தாள். அவள் மடியில் எங்கள் தும்புத்தடி, புதுத் தும்பு போடவாம்.

முதலில் சந்தை. மலர் தக்காளி வாங்கினாள், செத்தல் மிளகாய் வாங்கினாள், வழியில் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்து ஒரு தாச்சியோடு வெளியே வந்தாள். கோயில் திருவிழாவுக்கு வடை சுடுகிற அளவு தாச்சி.

"இது எங்கடை அடுப்பிலை நிக்காதே, மலர்."

"பேந்து பாப்பம்."

"எங்கை வைக்கப் போறீர்?"

"இடம் வரும்."

றொக்சன் முப்பது வயதுக்காரன். இங்கேயே பிறந்தவன். தமிழைப் பிரெஞ்சில் தோய்த்து எடுத்துக் கதைப்பான். இரண்டு வகை ஃபிளேரையும் கொண்டுவந்து, ரேப் போட்டுக் காரில் ஒட்டிக் காட்டினான். "வொய்லா, அன்ரி. எது வடிவு?"

மலர் உடனே சாறிக்கடைக்குள் இறங்கிவிட்டாள். மெல்லிசைத் தடவினாள். அகலத்தைத் தட்டினாள். ஒன்றைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இதை வெளிச்சத்திலை கொண்டு போய்க் காட்டும்."

காட்டினான்.

"சாயம் போகுமோ?"

"போகாது, அன்ரி."

"கழுவிக் கழுவிச் சுருங்குமோ?"

"அன்ரி, இது ஃபைபர்."

"அதைத்தான் எல்லாக் கடையிலையும் சொல்லுறாங்கள்."

நான் இதுதான் நேரம் என்று உள்ளே குதித்தேன். "எனக்கெண்டால் மெல்லிசுதான் வடிவு. அடக்கமா இருக்கு. அகலமானது சரியான பட்டிக்காட்டுத்தனம்."

மலர் என்னைப் பார்த்தாள். மெல்லிசைப் பார்த்தாள். விதி வேலை செய்யத் தொடங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"கரையெண்டால் கண்ணுக்குத் தெரியோணும்" என்றாள். "இதென்ன கரை? சட்டைக்கு ஓரம் அடிச்ச மாதிரி."

"அகலம் வேண்டாம் மலர், கெஞ்சிக் கேக்கிறன்."

"நாலு விரல். அளவான கரை. தம்பி, இதைத்தான் எடுப்பம்."

சிரிப்பு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றினேன். இதற்கிடையில் மலர் தும்புத்தடியை எடுத்துக் காருக்கு முன்னால் நிலத்தில் படுக்கவைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். எங்கே போனாலும் கூட்டாமல் இருக்கமுடியாத பிறவி என்று எனக்கு அவள்மேல் ஒரு பாசமே வந்தது.

றொக்சன் தலையைச் சொறிந்தான். "அங்கிள், அகலம் எண்டால் மட்காட் வெட்டோணும். சில்லையும் இன்னும் வெளியாலை தள்ளோணும். அப்ப உங்கடை கராஜ்..."

நான் கண்ணடித்தேன். அவனுக்குப் புரியவில்லை. இரண்டு கண்ணையும் அடித்தேன். அவன் எனக்கு வலிப்பு வருகிறது என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

"கராஜுக்கு என்ன, தம்பி?" என்றாள் மலர்.

"உள்ளுக்கை போகுமோ எண்டு, அன்ரி..."

"போகும்!" என்றேன்.

"அளந்தனீங்களோ?"

கேட்டாளே ஒரு கேள்வி! நான் விமானப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். மயிரிழையில் பாதி பிசகினாலும் சிவப்பு அட்டை ஒட்டித் திருப்பி அனுப்புகிறவன்.

"மலர், நான் ஆகாயத்திலை பறக்கிறதையே அளக்கிறவன். ஒரு கராஜ் வாசல் எனக்கு ஒரு அளவோ? கண்ணாலை பாத்தாலே தெரியும்."

"போகாட்டி?"

"போகாட்டி கராஜை நீரே எடும்! அடுப்பை வையும். ஆட்டுக்கல்லை வையும். நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

"அல்போன்சம்மா, கேட்டியளோ?"

"கேட்டனான், பிள்ளை. மாதாவாணை கேட்டனான்."

மலர் றொக்சன் பக்கம் திரும்பினாள். "தம்பி, மட்காட்டை வெட்டினால் பேந்து ஒட்டலாமோ?"

"ஒட்டேலாது, அன்ரி."

"அப்ப வெட்டும்."

என்ன ஒரு மனைவி என்று பூரித்துப் போனேன். திரும்பி வரும்போது பாலம் முழுக்க விசில் அடித்தேன். பின்னால் செபமாலைகூட ஏதோ சிரிப்போடு போவது போலக் கேட்டது. எங்கள் மூவருக்கும் ஒரே சந்தோஷம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காரை றொக்சனிடம் கொண்டுபோய் விட்டு, அடுத்த சனிக்கிழமை எடுத்தேன். கடவுளே, அது கார் இல்லை, மாப்பிள்ளை. நாலு தோளும் புடைத்துக்கொண்டு நின்றது. சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்த பெடியன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். வீடு வரும்வரைக்கும் தேவையில்லாத தெருவெல்லாம் சுற்றினேன்.

வீட்டு வாசலில் மலரும் அல்போன்சம்மாவும் நின்றார்கள். வரவேற்புக்கு என்று நினைத்தேன். அல்போன்சம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. வண்டியில் பெட்சீற் போர்த்திய ஏதோ ஒன்று. மலரின் இடுப்பில் தாச்சி. அவற்றை ஏன் கவனிக்கவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

சரிவில் இறங்கினேன். மெல்ல. இன்னும் மெல்ல.

கிரீச்.

பின்னால் எடுத்தேன். இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினேன். வலப்பக்கத்தில் கிரீச். வலப்பக்கம் தள்ளினேன். இடப்பக்கத்தில் கிரீச். பக்கக் கண்ணாடியை மடித்தேன். கண்ணாடிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரிந்தும் மடித்தேன். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டும் ஒரு தரம் முயன்றேன். என் வயிறு உள்ளே போனது. கார் போகவில்லை.

மேலே இருந்து மலர் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, கஷ்டமாக் கிடக்கோ?"

"இல்லை இல்லை, ஒரு சின்ன ரேர்ன் எடுக்கோணும்."

"எடுங்கோ, எடுங்கோ. அவசரமில்லை. அடுப்பு கறன்ற் அடுப்புத்தான், ஆறிப்போகாது."

பெட்சீற்றை அல்போன்சம்மா உருவினாள்.

காரை மேலே சமதரையில் கொண்டுவந்து நிறுத்தினேன். வண்டி என்னைக் கடந்து சரிவில் இறங்கியது. அடுப்பு உள்ளே போனது. ஒரு பக்கமும் உரசவில்லை. கொம்பிறசருக்கென்று நானே பார்த்துப் பார்த்து இழுத்திருந்த பெரிய பிளக்கில் அதன் வயரைக் கொண்டுபோய்ச் செருகினார்கள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

தும்புத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. தும்பு பழைய தும்புதான். தடியின் நடுவே இரண்டு கோடு. மலரின் நகப்பூச்சு நிறத்தில். ஒன்று கராஜ் வாசல். மற்றது நாலு விரல் கரையோடு கார். இரண்டுக்கும் இடையில் என் தனிநாட்டின் எல்லை போய்விட்டிருந்தது.

"மலர், அப்ப உமக்கு முன்னமே தெரியும்!"

"தும்புத்தடிக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியேல்லை."

"பின்னை ஏன் மெல்லிசை எடுக்கச் சொல்லேல்லை? நான் அதைத்தானே கேட்டனான்!"

மலர் தாச்சியை அடுப்பில் வைத்தாள். அது அங்கே அழகாக நின்றது.

"அப்பா, சாறிக்கடையிலை நீங்கள் எதை நல்லது எண்டு சொல்லுறியளோ அதை நான் எடுக்கிறேல்லை. அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் எண்டது எனக்குக் கன காலமாத் தெரியும். நீங்கள் மெல்லிசு வடிவு எண்டு தொடங்கினவுடனை எனக்குப் பெரிய நிம்மதி. நான் மினக்கெட்டு ஒண்டும் சொல்லத் தேவையில்லாமல் போச்சு."

றொக்சனுக்குப் போன் எடுத்தேன். ஃபிளேரைக் கழற்றிப் பழைய மாதிரி ஆக்கலாமோ என்று கேட்டேன். "அங்கிள்" என்றான், "வெட்டு எண்டு அன்ரிதான் சொன்னவ. நான் வெட்டிப்போட்டன்." அந்தப் பெடியனிடம் இரக்கம் இருந்தது. சிரிப்பு அதைவிடக் கூட இருந்தது.

கோடை முழுக்கக் கராஜில் எண்ணெய் கொதித்தது. என் ஸ்பானர்கள் மஞ்சள்தூளுக்குப் பக்கத்தில் மேல் தட்டுக்கு ஏறின. லவாலுக்கு நான் கார் கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமைகளில் மலர் மீன் றோல்ஸ் கட்டித் தந்தாள். அங்கே சனம் என் காரைச் சுற்றி நின்றது. ஃபிளேரைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். மிச்சப் பேர் றோல்ஸைப் பற்றிக் கேட்டார்கள்.

குளிர் தொடங்கியதும் ஒரு நாள் மலர் கார்தெரியிலிருந்து வந்து, ஜக்கெற்றின் கழுத்தை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, தனக்குள் சிரித்துக்கொண்டு அதைக் கதவடிக் கொக்கியில் கொழுவினாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு விஷயம். பனி வரப்போகிறது, என் கார் வெளியே நிற்கிறது, அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும்.

இங்கே எல்லார் வீட்டு முன்னாலும் குளிர்காலத்தில் வெள்ளைப் பிளாஸ்ரிக் கூடாரம் முளைக்கும். டெம்போ என்பார்கள். காரின் மேல் பனி விழாது. எனக்கு ஒன்று வேண்டும். மலர் விதியை அறிந்துவிட்டாள்தான். ஆனால் அவள் அறிந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும் என்பதால் இப்போது பழையபடி அதே விதியைப் பாவிப்பேன் என்று அவள் எதிர்பார்க்கமாட்டாள் அல்லவா? நுணுக்கமான கணக்கு.

"மலர், இந்த டெம்போ கூடாரம் எல்லாம் எங்களுக்கு வேண்டாம். பாக்கவே வடிவில்லை."

மலர் வடையைத் திருப்பினாள்.

"ஓம், வேண்டாம்" என்றாள்.

நேற்று முழுக்கப் பனி கொட்டியது. இன்று காலை கதவைத் திறந்தால் சமதரையில் இரண்டு வெள்ளை மேடு. அல்போன்சம்மா இப்போதெல்லாம் எங்கள் கராஜில்தான் பொரிக்கிறாள், சாமான் ஏற்றி இறக்க வசதி என்று அவளுடைய சிவப்புக் காரும் எங்கள் முற்றத்தில்தான் நிற்கிறது. நான் பனி அள்ளுகிற சவலை எடுத்து என் காரைத் தோண்டத் தொடங்கினேன். இயந்திரம் போலத் தோண்டவில்லை. ஆசையாகத் தோண்டினேன். கூரையைத் தடவித் துடைத்தேன். முன்கண்ணாடியைச் சுரண்டினேன். விரல் விறைத்தது. மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உள்ளே வடை மணத்தது.

கடைசியில் முன்சில்லுக்கு வந்தேன். அந்த நாலு விரல் கரையைத் தொட்டுப் பார்த்தால் போதும், பட்ட பாடெல்லாம் மறந்துபோகும் என்று கையுறையைக் கழற்றிவிட்டுப் பனிக்குள் கையை விட்டுத் துழாவினேன். சில்லுக்கு மேலே ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் துழாவினேன். மொழுமொழுவென்று வெறும் மட்காட்.

கராஜிலிருந்து மலரின் குரல் கேட்டது.

"அப்பா, பின்கண்ணாடியையும் துடைச்சு விடுங்கோ, அல்போன்சம்மாவுக்குப் பூசைக்கு நேரமாகுது!"